தொழிற்சாலையில் முதலுதவியாளர்

ஓர் ஊரில் மரம் அரியும் ஆலை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முற்பகல் பத்து மணி. வட்டவாளின் இரைச்சலைப் பிளந்துகொண்டு ஓர் அலறல் எழுகின்றது. பலகையை வாளுக்குத் தள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த தொழிலாளியின் முன்கை ஆழமாக அறுபட்டுவிட்டது. குருதி பீறிட்டுப் பாய்கின்றது. நாற்புறமிருந்தும் ஆட்கள் ஓடிவருகின்றனர். ஒருவர் தண்ணீர் பருக்கச் சொல்கின்றார். மற்றொருவர் கோப்பித் தூளை அப்பச் சொல்கின்றார். வேறொருவர் வாகனம் எங்கே என்று கூவுகின்றார். சுவரிலே, பச்சை நிறத்தில் வெண்சிலுவை தீட்டிய பெட்டி ஒன்று தொங்குகின்றது. அதன் அருகே, முதலுதவிக்குப் பொறுப்பாளர் இன்னார் என்னும் அறிவித்தலும் இருக்கின்றது. அந்த இன்னாரும் கூட்டத்தின் நடுவே நிற்கின்றார். ஆனால் அவர் கைகள் நடுங்குகின்றன. ஏழு ஆண்டுகளுக்கு முன்னர் இரண்டு நாள் வகுப்பொன்றுக்குச் சென்று தராதரப் பத்திரம் பெற்றவர் அவர். அதன்பின் ஒருநாளேனும் கட்டுத்துணியைத் தொட்டவரல்லர். பெட்டியின் திறப்போ களஞ்சியக்காரரிடம் இருக்கின்றது. களஞ்சியக்காரர் அன்று விடுமுறை.

இது கற்பனையே. எனினும், வேலைத்தலங்களை அறிந்தவர் எவரும் இஃது எங்கும் நடவாத செயல் என்று கூறமாட்டார். அந்த ஆலையிலே பெட்டி இருந்தது, அறிவித்தல் இருந்தது, தராதரப் பத்திரம் பெற்ற ஆளும் இருந்தார். மேற்பார்வைக்கு வரும் அதிகாரி ஒருவர் இவற்றை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு திருப்தியோடு திரும்பியிருப்பார். ஆயின், குருதி சிந்தி நின்றவனுக்கு அன்று வேண்டியிருந்தது ஒன்றே: வெட்டுவாயைத் தயங்காது இறுக அழுத்தும் ஒரு கை. முதலுதவியாளருடைய தகுதி யாது, அதனை எவ்வாறு பெறுவது, பெற்றதனை எவ்வாறு காப்பது என்பவை ஆராயத்தக்கவை. ஏனெனில், இவ்வினாக்களுக்கு உரிய விடையில் ஓர் உயிரே தங்கியிருத்தல் கூடும்.

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்துத் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றார். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் வைத்தியர், மருந்து என்னும் மூன்றோடு, அருகிலிருந்து ஆவன செய்பவரையும் அவர் நான்காவதாகச் சேர்த்தார். வைத்தியர் வந்து சேர்வதற்கு முன்னுள்ள சில நிமிடங்களில் அந்த நான்காம் கூறே மற்றவற்றின் சுமையையும் தாங்கி நிற்கின்றது. தொழிற்சாலையின் முதலுதவியாளர் அந்த இடத்தில் இருப்பவர்.

பொதுமக்களுக்கு முதலுதவியை முறைப்படி கற்பிக்கும் வழக்கம் நெடுங்காலத்து வழக்கமன்று. 1859ஆம் ஆண்டு இத்தாலியிலே சொல்பெரினோ என்னுமிடத்தில் நடந்த போரின் பின், கவனிப்பாரற்றுக் கிடந்த காயப்பட்டோரைக் கண்டு உள்ளம் வருந்திய ஹென்றி டுனாந்தின் முயற்சியிலிருந்து செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. போர்க்களத்தின் பாடத்தைச் சுரங்கத்துக்கும் புகைவண்டி நிலையத்துக்கும் தொழிற்சாலைக்கும் கொண்டுவந்த பெருமை 1877இல் இங்கிலாந்தில் தோன்றிய சென் ஜோன் அம்புலன்ஸ் சங்கத்தைச் சேரும். அடுத்த ஆண்டு வூல்விச் நகரிலே படைவைத்தியர் பீற்றர் ஷெப்பேர்ட் பொதுமக்களுக்கு முதலுதவி வகுப்பு நடத்தினார். அவர் 1879 ஜனவரியில் தென்னாபிரிக்கப் போர்க்களமொன்றில் உயிர் நீத்தார். அவர் எழுதிய பாடங்கள் அவருக்குப் பின்னரும் பயன்பட்டன. நிலக்கரித் தொழிலாளரும் புகைவண்டித் தொழிலாளரும் அவ்வகுப்புகளை விரும்பி நாடினர். நிலத்தின் கீழே பாறை சரிந்தால் வைத்தியர் வருவதற்கு முன் தம் தோழரைக் காக்க வேண்டியவர் தாமே என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

பின்னர் சட்டம் இதிற் புகுந்தது. பிரித்தானியாவின் 1937ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், தொழிற்சாலைகளில் முதலுதவிப் பெட்டி இருத்தல் வேண்டும் என்றும், ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் வேலை செய்யுமிடத்தில் அப்பெட்டியின் பொறுப்பாளர் முதலுதவியிற் பயிற்சி பெற்றவராயிருத்தல் வேண்டும் என்றும், வேலை நேரத்தில் அவர் எப்போதும் கிடைக்கக்கூடியவராயிருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. இலங்கையின் 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் அம்மரபைத் தழுவியே பெட்டியையும் அதற்கொரு பொறுப்பாளரையும் வேண்டுகின்றது. ஆனால் பயிற்சி என்றால் எது? ஒரு நாட் சொற்பொழிவா, ஒரு மாத வகுப்பா? பிரித்தானியாவில் இதற்கு விடை கூறச் சில காலம் சென்றது. எத்தகைய பயிற்சி பெற்றவரைப் பயிற்சி பெற்றவராகக் கொள்ளலாம் என்பதை 1960இல் பிறந்த ஒரு கட்டளை வரையறுத்தது. 1981ஆம் ஆண்டின் விதிகள் தொழிற்சாலை மட்டுமன்றி வேலைத்தலம் அனைத்தையும் தழுவின. அந்நாட்டில் இன்றுள்ள வழக்கின்படி, வேலைத்தல முதலுதவிப் பயிற்சி மூன்று நாள், குறைந்தது பதினெட்டு மணி நேரம். அதற்குரிய தராதரப் பத்திரம் மூன்றாண்டு வரையே செல்லும். இடையில் ஆண்டுதோறும் அரை நாளேனும் மீள்பயிற்சி பெறுதல் நன்று என அரசாங்க அமைப்பே வற்புறுத்துகின்றது.

மூன்றாண்டு என்று ஓர் எல்லை ஏன்? கற்றது மறந்துபோகும் என்பது ஒரு காரணம். கற்றதே மாறிவிடும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும்.

முதலாவது காரணத்தை விளக்க, இதயத் துடிப்பு நின்றுவிட்ட ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். மின்சாரம் தாக்கியவரிடமும் திடீர் மாரடைப்பு உற்றவரிடமும் இந்நிலை நேர்தல் கூடும். குருதியோட்டம் நின்ற ஏறக்குறைய நான்கு நிமிடங்களில் மூளை கெடத் தொடங்குகின்றது. அதற்கிடையில் ஒருவர் மண்டியிட்டு, நெஞ்சின் நடுவே இரு கைகளையும் ஒன்றன்மேலொன்றாக வைத்து, ஐந்து சென்ரிமீற்றருக்குக் குறையாமல் ஆழ அழுத்துதல் வேண்டும். ஆறு சென்ரிமீற்றரை மிஞ்சுதலும் ஆகாது. நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை அழுத்துவது முறை. முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு என்பது கணக்கு. இதனை வாயாற் சொல்லுதல் எளிது. ஒரு பிள்ளை கூட மனனஞ்செய்து ஒப்புவிக்கும். செய்து பார்த்தவரே அறிவர்: இரண்டு நிமிடத்தில் தோள் ஓய்ந்துபோகும், ஆழம் குறையும், வேகம் தவறும். பயிற்சி முடிந்த சில மாதங்களிலேயே இத்திறன் தேயத் தொடங்குகின்றது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நீந்தக் கற்றவர் நீச்சலை மறப்பதில்லை என்பர். இது நீச்சலைப் போன்றதன்று, ஓதாமல் விட்ட வாய்பாட்டைப் போன்றது.

இதனாலேயே பயிற்சிக்கு ஒரு பொம்மை தேவைப்பட்டது. உயிருள்ளவர் நெஞ்சிலே அழுத்திப் பழக இயலாதன்றோ? 1960இல் நோர்வே நாட்டு விளையாட்டுப் பொம்மை உற்பத்தியாளரான அஸ்முண்ட் லேர்டால் என்பவர், மூச்சு ஊதவும் நெஞ்சை அழுத்தவும் ஏற்ற ஆளளவான பொம்மை ஒன்றை உருவாக்கினார். பாரிஸ் நகரிலே செயின் நதியிலிருந்து எடுக்கப்பட்டவள் எனப் பேசப்பட்ட, பெயரறியாத இளம்பெண் ஒருத்தியின் முகவார்ப்பை அவர் அப்பொம்மைக்கு முகமாக அமைத்தார். எவர் காப்பாற்றவும் வாய்ப்பில்லாது மடிந்தவள் என்று கருதப்பட்ட ஒருத்தியின் முகத்தை நோக்கி, உலகெங்கும் எண்ணற்ற மக்கள் உயிர் காக்கும் வித்தையைப் பயின்றனர். பொம்மை இல்லாத வகுப்பு, கரும்பலகையில் நடத்தும் வகுப்பு, முதலுதவி பற்றிய செய்தியைத் தரும், முதலுதவியாளரைத் தராது. பரீட்சையும் அவ்வாறே. வினாத்தாளுக்கு விடை எழுதியதோடு நில்லாது, படுத்திருக்கும் ஒருவரை ஆராய்ந்து, எதனை முதலிற் செய்வது எனத் தீர்மானித்து, கையாற் செய்து காட்டியவரே தேர்ந்தவராதல் வேண்டும்.

இனி, கற்றதே மாறுகின்ற இரண்டாவது காரணம். நீரில் மூழ்கியவருக்கும் மின்சாரம் தாக்கியவருக்கும் செயற்கை மூச்சு அளிக்கும் முறை இதற்கு நல்ல சான்று. 1858இல் சில்வெஸ்டர் என்னும் ஆங்கில வைத்தியர், நோயாளியை மல்லாக்கக் கிடத்திக் கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தித் தாழ்த்தும் முறையைக் கூறினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடின்பரோப் பேராசிரியர் ஷேபர் குப்புறக் கிடத்தி முதுகை அழுத்தச் சொன்னார். 1932இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹொல்கர் நீல்சன் முதுகை அழுத்துவதோடு முழங்கைகளை உயர்த்தும் முறையைச் சேர்த்தார். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பீற்றர் சாபரும் ஜேம்ஸ் ஈலமும் வாயோடு வாய் வைத்து ஊதும் முறையே மேலானது எனச் சோதனையால் நிறுவினர். 1960இல் பல்ரிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பொக்கர் என்னும் மூவர், நெஞ்சைத் திறவாமலே வெளியிலிருந்து அழுத்தி இதயத்தை இயக்கலாம் என்று வெளியிட்டனர். ஒவ்வொரு மாற்றத்தின்போதும், முன்னர் நன்றாகப் படித்துப் பத்திரம் பெற்றவரின் அறிவு ஒரே நாளிற் பழையதாயிற்று.

குருதிப்போக்கைத் தடுப்பதிலும் இவ்வாறே. கைகாலை இறுகச் சுற்றிக் கட்டும் இறுக்குக்கட்டு ஒரு காலத்தில் எங்கும் கற்பிக்கப்பட்டது. பின்னர், அதனால் உறுப்பே கெடலாம் என அஞ்சி அதனைப் பெரும்பாலும் விலக்கினர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிற் பெற்ற அனுபவத்தின் பின், கை கால்களில் அழுத்தத்துக்கு அடங்காத பெருங்குருதிப் போக்குக்கு, அதற்கென அமைந்த பட்டையைக் கட்டி நேரத்தையும் குறித்துவைத்தல் வேண்டும் என மீண்டும் கற்பிக்கின்றனர். பாம்பு கடித்த இடத்தைக் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் கைவிடப்பட்டன. கடியுண்டவரைத் தேற்றி, உறுப்பை அசையாது வைத்து, மோதிரம் காப்பு முதலியவற்றைக் கழற்றி, விரைந்து வைத்தியசாலை சேர்ப்பதே இன்றைய விதி. தீப்புண்ணிற்குப் பற்பசையும் எண்ணெயும் தடவுதல் தவறு. ஓடும் குளிர்ந்த நீரை இருபது நிமிடம் விடுதல் வேண்டும். துண்டிக்கப்பட்ட விரலைப் பனிக்கட்டியின் மீது நேரே வைத்தலாகாது. ஈரமான தூய துணியிற் சுற்றி, நீர் புகாப் பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்து அனுப்புதல் வேண்டும். இருபதாண்டுகளுக்கு முன் கற்றதைக்கொண்டு ஊக்கத்தோடு செயற்படுபவர், ஒன்றும் கல்லாது ஒதுங்கி நிற்பவரைவிடத் தீமை செய்துவிடுதலும் கூடும்.

செய்ய வேண்டியதை அறிதல் போலவே செய்யத்தகாததை அறிதலும் தகுதியின் பாற்பட்டது. மின்கம்பியோடு ஒட்டிக் கிடப்பவரைத் தொடுமுன் மின்னை நிறுத்துதல் வேண்டும். உயரத்திலிருந்து விழுந்து முதுகு நோகின்றது என்பவரை, உயிருக்கு வேறு ஆபத்து இல்லாதபோது, தூக்கி நிறுத்துதல் ஆகாது. இவற்றுள் மிகக் கொடியது, காற்றோட்டமில்லாத தொட்டியும் குழியும் கிணறும். உள்ளே இறங்கியவர் மயங்கி வீழ்கின்றார். அவரை எடுக்க இறங்கியவரும் வீழ்கின்றார். மூன்றாமவரும் அவர்களைத் தொடர்கின்றார். இத்தகைய அடைபட்ட இடங்களில் மாண்டோருள் நூற்றுக்கு அறுபதின்மருக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் புகுந்தவர்களே என 1986இல் அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் எடுத்துக்காட்டியது. அவ்விடத்தில், உரிய கருவி வரும்வரை ஒருவரையும் இறங்கவிடாது தடுத்து நிற்பவரே மெய்யான முதலுதவியாளர். இளகிய நெஞ்சம் உள்ளவருக்கு அது மிகக் கடினமான கடமை. பயிற்சியாலன்றி அது கைகூடாது.

இவற்றையெல்லாம் ஒழுங்குபட அமைத்துக்கொண்ட இடங்களுள் கனடாவின் மேற்குக் கரையிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் ஒன்று. காடும் மலையும் நிறைந்த நாடு அது. மரம் வெட்டுதலும் அரிதலும் சுரங்கமும் அங்கு பெருந்தொழில்கள். எத்தனை முதலுதவியாளர், எத்தகைய தரத்தினர் வேண்டும் என்பதை அங்கே மூன்று அளவைகொண்டு தீர்மானிக்கின்றனர்: வேலை செய்வோர் தொகை, வேலையின் ஆபத்து, அம்புலன்ஸ் நிலையத்திலிருந்து உள்ள தூரம். 2024 நவம்பர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அம்புலன்ஸ் வண்டி முப்பது நிமிடத்துள் வந்து சேர இயலாத இடம் தொலைவிடமாகக் கொள்ளப்படும். பயிற்சி அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என மூவகை. அடிப்படைக்கு ஒரு நாள். உயர்நிலைக்கு இரண்டு வாரம், எழுபது மணி நேரம். பத்திரம் மூன்றாண்டுக்கே செல்லும். இவற்றோடு, ஆண்டுக்கு ஒருமுறையேனும் வேலைத்தலத்தில் ஒத்திகை நடத்துதல் வேண்டும். எழுத்தில் உள்ள ஏற்பாடு நிலத்தில் நடக்குமா என்பதை ஒத்திகை அன்றே வெளிப்படுத்திவிடும். திறப்பு யாரிடம் என்பது முதலியன அப்போதுதான் தெரியவரும்.

அம்மாகாணத்து விதிகளில் மனங்கொள்ளத்தக்க மற்றொன்று உண்டு. காயமுற்றவரை அம்புலன்ஸ் சேவையோ வைத்தியசாலையோ, தம்மையொத்த அல்லது தம்மினும் உயர்ந்த தகுதியுள்ள வேறொருவரோ ஏற்கும்வரை, முதலுதவி முழுவதுக்கும் பொறுப்பும் அதிகாரமும் முதலுதவியாளருக்கே உரியன. வைத்தியரை நாட விரும்பும் தொழிலாளியைத் தடுக்கும் உரிமை மட்டும் அவருக்கில்லை. அழைப்பு வந்தவுடன் செல்லத் தடையாகும் வேலை எதனையும் அவருக்கு இடுதலும் கூடாது. சாதாரண தொழிலாளி ஒருவர் முதலுதவியாளராயிருக்கும் இடத்தில், முகாமையாளர் பதறி வந்து, தூக்குங்கள், லொறியில் ஏற்றுங்கள் என்று ஆணையிட்டால், ஐயா, அவரை அசைக்கலாகாது என்று மறுத்துரைக்கும் துணிவு எங்கிருந்து வரும்? அத்துணிவைப் பயிற்சி ஓரளவு தரும். எஞ்சியதை நிறுவனம் தருதல் வேண்டும். அந்த நேரத்தில் அவர் சொல்லே மேலானது என்பதை முகாமையாளர் முன்கூட்டியே எல்லார் முன்னிலையிலும் அறிவித்துவைத்தல் வேண்டும். மேலதிகாரியின் முகத்தைப் பார்த்து நிற்பவர், எத்துணை கற்றவராயினும், காயம்பட்டவரின் முகத்தைப் பார்க்கமாட்டார்.

இலங்கையின் வேலைத்தலங்களுக்கு இப்பாடங்கள் அந்நியமானவையல்ல. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென 1912ஆம் ஆண்டிலேயே தனிக் கட்டளைச் சட்டம் தோன்றிய நாடு இது. 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தாற் கட்டணமின்றி வரும் சுவ செரிய அம்புலன்ஸ் சேவை, 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, பின்னர் நாடெங்கும் பரவியது பெரும் பேறு. எனினும், மலைநாட்டு வளைபாதையின் முடிவிலுள்ள தேயிலைத் தொழிற்சாலைக்கும், வன்னியின் உட்புறத்து நெல் ஆலைக்கும், வண்டி எத்துணை விரைந்து வந்தாலும் சில நிமிடங்கள் செல்லவே செய்யும். கொழுந்து உருட்டும் ரோலரில் விரல் அகப்பட்டவருக்கும், மீன் பதனிடும் நிலையத்தில் அமோனியா வாயு கண்ணிற் பட்டவருக்கும், வெயிலிற் கட்டட வேலை செய்து மயங்கியவருக்கும் அந்த நிமிடங்களே பெரியவை. வண்டியை அழைப்பவர் யார், வாயிலில் நின்று வழிகாட்டுபவர் யார் என்பவற்றையும் முதலுதவியாளரே முன்னதாக வகுத்துவைத்தல் வேண்டும். அறுவர் மட்டும் வேலை செய்யும் சிறு பட்டறைக்கு இரண்டு வாரப் பயிற்சி இயலாததாகலாம். ஒரு நாட் பயிற்சியும், மாதமொருமுறை கால்மணி நேரக் கைப்பழக்கமும் அதற்கு இயலாதவையல்ல.

தகுதியுள்ள முதலுதவியாளரை எவ்வாறு இனங்காண்பது? சில எளிய வினாக்களைத் தொழில் நடத்துவோர் தமக்குள் கேட்டுக்கொள்ளலாம். அறிவித்தலிற் பெயருள்ளவர் கடைசியாக எப்போது பொம்மையின் நெஞ்சை அழுத்திப் பழகினார்? அவருடைய பத்திரத்தின் திகதி யாது? இரவு முறை வேலையின்போதும் அவர் விடுமுறையில் உள்ளபோதும் அவரிடத்தில் நிற்பவர் யார்? பெட்டி பூட்டப்பட்டுள்ளதா? அதனுள்ளே இருப்பவை பயன்படு நிலையில் உள்ளனவா? விபத்து நேர்ந்தபின் நடந்தவற்றை அவர் குறித்துவைக்கின்றாரா? அவர் நில் என்றால் முகாமையாளரும் நிற்பாரா? தொழிலாளரும் இவ்வினாக்களைத் தயங்காது கேட்கலாம். அவர்கள் உயிரே இதில் ஈடாக வைக்கப்பட்டிருக்கின்றது.

தொடக்கத்திற் கண்ட மர ஆலைக்கு மீண்டும் வருவோம். அதே காலை, அதே அலறல். இம்முறை, பெயர்ப் பலகைக்கு உரியவர் சென்ற மாதந்தான் மீள்பயிற்சி முடித்தவர். வாளை நிறுத்துங்கள் என்று அவர் கூவுகின்றார், இயந்திரம் நிற்கின்றது. பூட்டில்லாத பெட்டியிலிருந்து கையுறையையும் தடித்த பஞ்சணையையும் எடுக்கின்றார். காயமுற்றவனைக் கிடத்தி, வெட்டுவாயில் தம் உடற்பாரமெல்லாம் பொருந்த அழுத்துகின்றார். ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து 1990க்குத் தொலைபேசியிற் பேசப் பணிக்கின்றார். மற்றொருவரைத் தெருவாயிலுக்கு அனுப்புகின்றார். கோப்பித் தூள் கொண்டுவந்தவரைத் தடுக்கின்றார். தம்பி, பயப்படாதே, நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று அவன் செவியிற் கூறுகின்றார். அவர் கைகள் இப்போதும் சற்று நடுங்கலாம். ஆயினும், செய்ய வேண்டியதை அக்கைகள் அறிந்திருக்கின்றன. வண்டி வந்து சேரும்போது அந்தத் தொழிலாளி உயிரோடு இருக்கின்றான். அன்று மாலை அவன் மனைவி மக்கள் வைத்தியசாலைக் கட்டிலருகே அவனோடு பேசிக்கொண்டிருக்கின்றனர்.